‘போட்டாச்சு’ என்று நான் சொன்ன சுவிட்ச்

போர்வெல் போடும் ரிக் வண்டியில் ராடு மாட்டும் கூலிக்காரனாக ஆரம்பித்து, ஏழு வண்டிக்கு முதலாளி ஆனவன் நான். திருச்செங்கோட்டுக்கு வெளியே கல்லும் முள்ளுமாகக் கிடந்த பொட்டலில் பட்டறை போட்டேன். இன்றைக்கு அங்கே சொந்தக் கிரேன் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பு தாண்டாதவனுக்கு எந்த பேங்கும் கடன் தராது என்றார்கள். அப்படிச் சொன்ன மேனேஜரே என் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்று ரிக் வண்டி வந்து, வெறும் கருங்கல்தான் என்று கைவிட்டுப் போன விவசாயக் காட்டில் நான் தண்ணீர் எடுத்துக் காட்டியிருக்கிறேன். ஆப்பிரிக்காவுக்கு வண்டியைக் கப்பலேற்றியபோது, “ஏ பி சி டி தெரியாது, அங்க போயி எந்த பாஷையில பேசுவான்?” என்று சிரித்தவர்கள் அடுத்த வருஷம் என் பட்டறைக்கு வந்து, எந்தத் துறைமுகத்தில் இறக்கினால் தொந்தரவு இல்லை என்று என்னிடமே கேட்டார்கள்.

இதெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. நான் செய்தது. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. இனிமேல் எழுதப் போவதற்குத்தான் கூச்சப்படுகிறேன்.

வண்டியோடு வெளிநாடு போகிற புது ஆட்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் ரிக் உரிமையாளர் சங்கத்தில் கேட்டார்கள். எந்தப் பாறைக்கு எந்த பிட், எத்தனை அடிக்கு கேசிங் குழாய் என்பதெல்லாம் உங்களுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ஒரு டெபிட் கார்டைப் பற்றி எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள் தம்பிகளா. இதில் ஒருத்தனுடைய இரண்டு விரல் போயிருக்கிறது, ஒரு பெண்ணுடைய பேர் போயிருக்கிறது.

அந்தப் பெண் கோகிலா. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். தினமும் பஸ் ஏறி வந்து என் ஆபீஸைப் பார்த்துக்கொண்டாள். கட்டடமே இல்லாத பேங்கு ஒன்று வந்திருக்கிறது, எல்லாம் போனுக்குள்ளேயே நடக்கும், வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால் மற்ற பேங்கு மாதிரி பிடித்தம் போட மாட்டார்கள் என்று அவள்தான் விசாரித்துச் சொன்னாள். போனில் என் மூஞ்சியைக் காட்டி, பான் கார்டைக் காட்டி, அரை மணி நேரத்தில் கணக்கு ஆரம்பித்தாயிற்று. நான்காம் நாள் தபாலில் கார்டு வந்தது. நான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டினேன். “ஒரே கார்டு, உலகம் பூராச் செல்லும்” என்றேன்.

மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம். ஆபீஸில் நமது தொழில்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு வரவிருந்த டிரில்லர் மாதேஷும் பாஸ்போர்ட்டை வாங்கிப் போக வந்து நின்றிருந்தான். மாதேஷ் வாழப்பாடிக்காரன். வண்டியில் லிவரைப் பிடித்தால், கல்லின் சத்தத்தை வைத்தே கீழே என்ன இருக்கிறதென்று சொல்லுகிற கை அவனுக்கு. கோகிலா எழுந்து வந்தாள்.

“ஐயா, வெளிநாட்டுல இந்தக் கார்டைத் தேய்க்கறதுக்குத் தனியா ஒரு சுவிட்ச் இருக்குதுங்க. அது அணைஞ்சேதான் வருமுங்க. போனைக் குடுங்க, போட்டுத் தாரேன். அப்புறம், சிம்மு உங்க போனுலயே இருக்கோணுமுங்க. கழட்டிட்டா அந்த ஆப்பு தொறக்காது.”

சிம் விஷயம் உங்களுக்குப் புரியும், வெளி ஆட்களுக்குப் புரியாது. என் ஏழு வண்டியின் நெற்றியிலும் இரண்டு பக்கத்திலும் முழங்கை உயரத்துக்கு ஒரு நம்பர் எழுதியிருக்கும். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் போர் போட வேண்டும் என்று நினைத்தால் அந்த நம்பருக்குத்தான் அடிப்பார். அதுதான் நம் கடையே. முதலாளி எந்த ஊருக்கும் போகலாம், நம்பர் மட்டும் ஆபீஸை விட்டுப் போகக் கூடாது. நம் தொழிலில் எல்லாரும் அப்படித்தான், சிம்மைக் கழட்டி ஆபீஸ் போனில் போட்டுவிட்டுத்தான் பிளேன் ஏறுவோம். அதே நம்பரைத்தான் நான் பேங்குக்கும் கொடுத்து வைத்திருந்தேன்.

“சிம்மு இங்கதான் இருக்கும்” என்றேன்.

“அப்படின்னா கழட்டறதுக்கு முன்னாடி அந்தச் சுவிட்சையாவது போட்டுரோணுமுங்க ஐயா.”

“ஏம்புள்ளை, ரிக்கையே கப்பல்ல ஏத்தினவனுக்கு ஒரு சுவிட்ச் போடத் தெரியாதா? எல்லாம் போட்டாச்சு, போ.”

வந்திருந்தவர்களில் ஒருத்தர், “அதுதானே! மாப்ளைக்குத் தெரியாத சுவிட்சா?” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் போடவில்லை. முந்தின நாள் வீட்டில் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தது உண்மை. முழுக்க இங்கிலீஷ். ஒன்றின் கீழ் ஒன்றாக நாலைந்து பொத்தான், சிலது பச்சை, சிலது சாம்பல். எது எதுவென்று தெரியவில்லை. தப்பான ஒன்றை அழுத்திப் பணம் எங்காவது போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து மூடிவிட்டேன். மகளிடம் கேட்டிருக்கலாம். கோகிலாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவள் மறுநாளும் கேட்டாள், “போட்டுட்டீங்கதானுங்களே?” என்று. “ஒரு தடவை சொன்னாப் புரியாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

போகிற வழியில் பிளேன் மாறுகிற ஊரில் டீ குடித்தோம். கார்டைக் கொடுத்தேன். மிஷின் கீச்சென்று கத்தியது. மறுபடி வைத்தார்கள், மறுபடி கத்தியது.

“மொதலாளி, கார்டு ஓடல போலக்குதே” என்றான் மாதேஷ்.

“மிசினு சரியில்ல” என்று சொல்லி டாலர் நோட்டை நீட்டினேன். முன்பெல்லாம் இடுப்புப் பையில் கனமாக டாலர் வைத்திருப்பேன். அந்தத் தடவை கார்டு இருக்கிறதே என்று கொஞ்சம்தான் எடுத்துப் போயிருந்தேன். அந்த டீக்கடை வாசலிலேயே நின்று ஆபீஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. மாதேஷ் பக்கத்தில் நிற்கிறான், அவன் காதில் விழ எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

தான்சானியாவில் இறங்கி, வண்டியை உள்நாட்டுக்குக் கொண்டுபோய், வேலை ஆரம்பித்தோம். கையில் இருந்த டாலர் டீசலுக்கும் உதிரிப் பாகத்துக்கும் போயிற்று. அங்கே கிராமத்தில் யார் கார்டு வாங்குகிறார்கள்? அதனால் அது ஓடுமா ஓடாதா என்ற பேச்சே எழவில்லை.

மூன்றாவது போர்வெல்லில் ராடு கழட்டும்போது ஸ்பானர் நழுவி, மாதேஷின் வலது கை ராடுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டியது. நடு விரலும் மோதிர விரலும். பக்கத்து ஊர் மருந்தகத்தில் துணி சுற்றி ஊசி போட்டு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார்கள். ஜீப்பில் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்தோம். எனக்கு அரை இங்கிலீஷ், அரை சுவாஹிலி, மீதி கைஜாடை. ஆனாலும் டாக்டர் சொன்னது நன்றாகப் புரிந்தது. விரலுக்கு ரத்தம் போகவில்லை, இப்போதே உள்ளே எடுத்தால் ஒன்றையாவது காப்பாற்றப் பார்க்கலாம், முன்பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள்.

பணம் கட்டுகிற ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கார்டைக் கொடுத்தேன். மிஷின் அதே மாதிரி கத்தியது. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு, “பாபா, கார்டு நோ” என்றாள். அங்கே வயதானவர்களை அப்பா என்று அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன். நம் ஊரில் அப்போது சாயங்கால டீ நேரம்.

“கோகிலா, உன்ற பேங்கு ஏமாத்திப்போட்டுது!” என்று கத்தினேன். உன்ற பேங்கு! டீக்கடையில் காட்டும்போது அது என் பேங்காக இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவள் முதலில் கேட்டது, “மாதேஷண்ணனுக்கு ரொம்ப வலிக்குதுங்களா?” இரண்டாவது கேட்டது, “ஐயா, அந்தச் சுவிட்ச் போட்டீங்கதானுங்களே?”

அந்த நிமிஷத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பக்கத்தில் நம் தொழில்காரர் யாரும் இல்லை. தொடை தட்டிச் சிரிக்க ஆள் இல்லை. கடலுக்கு அப்பால், ஒரு பெண் போனில் மெதுவாகத்தான் கேட்கிறாள். அப்போதும் நான் சொன்னேன்: “எத்தனை தடவைதான் கேப்பே? போட்டேன், போட்டேன்!”

“அப்படின்னா பேங்குலதான் ஏதோ கோளாறுங்க. நான் பேசறேனுங்க ஐயா, நீங்க பதறாதீங்க.”

என் வார்த்தையை நம்பி அவள் அந்தப் பேங்கோடு மல்லுக்கட்டினாள். அவர்கள் போன் எடுக்க இருபது நிமிஷம். எடுத்தால், கணக்குக்காரர்தான் பேச வேண்டும் என்பார்கள். என்னைச் சேர்த்துப் பேச வைத்தால் நடுவில் அறுந்துபோகும். பழைய பேங்காக இருந்தால் கோகிலாவை ஆட்டோவில் அனுப்பி மேனேஜர் மேஜை முன்னால் உட்கார வைத்திருப்பேன். இதற்கு வாசலும் இல்லை, மேஜையும் இல்லை. கட்டணம் இல்லை என்பதை எல்லாரிடமும் சொன்ன நான், அவசரத்துக்கு யார் சட்டையைப் பிடிப்பது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை அவளைக் கூப்பிட்டுத் திட்டினேன். ஒரு தடவை, “நீயெல்லாம் படிச்சு என்ன புண்ணியம்?” என்றேன். “ஆமாங்க ஐயா, இன்னொருக்கா பேசறேனுங்க” என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே நகரத்தில் நம் நாமக்கல்காரர் ஒருத்தர் ரிக் வைத்திருந்தார். ஒரு போன் அடித்திருந்தால் பணத்தோடு ஓடி வந்திருப்பார். ஒரே கார்டு என்று நான் பீற்றிக்கொண்ட ஆட்களில் அவரும் ஒருத்தர். அவர் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்து மூடி வைத்தேன்.

இப்படியே மூன்று மணி நேரம்.

மாதேஷை வராந்தாவில் தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மூஞ்சி வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் அவனுக்கு வாய்த்துடுக்கு போகவில்லை. “என்னா மொதலாளி, இங்கயும் மிசினு சரியில்லயா?” என்றான். நான் கார்டைச் சட்டைப்பைக்குள் திணித்தேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அன்னைக்கு டீக்கும் இது ஓடல. ஆபீஸ்ல அந்தப் பொண்ணு ஒரு சுவிட்சு கேட்டுச்சே, அத நெசமாவே போட்டீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள், “என் கை மொதலாளி இது. பாத்துச் சொல்லுங்க” என்றான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி ஒருத்தர் இருந்தார். போரில் தண்ணீர் வராவிட்டால், டிரில்லர் சொல்வதற்கு முன்னால், வண்டியைச் சுருட்டுவதற்கு முன்னால், தானே நடந்துபோய்க் காட்டுக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லுவார்: “தண்ணி இல்லீங்க.” பொண்டாட்டி நகையை அடகு வைத்துப் போர் போட்ட ஆளிடமும் அப்படித்தான். அதை அவரிடம் பார்த்துக் கற்று, நானும் எத்தனையோ பேர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் மண்ணை வாரி என் மேல் இறைத்திருக்கிறார், அசையாமல் நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், எனக்கு இது படிக்கத் தெரியவில்லை என்று என் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணிடம் சொல்ல முடியாமல் நின்றேன்.

போனை எடுத்தேன். “சாமி” என்று, பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி கோகிலாவைக் கூப்பிட்டேன். “நான் அந்தச் சுவிட்சைப் போடலை. எனக்கு அதைப் படிக்கத் தெரியல.”

அவள், “பத்து நிமிசம் குடுங்க ஐயா” என்றாள்.

சிம்தான் ஆபீஸ் போனில் இருக்கிறதே. அந்தப் போனிலேயே ஆப்பை ஏற்றினாள். அதைத் திறக்கிற ரகசிய எண்ணைக் கேட்டாள். அதை நான் ஆஸ்பத்திரி வராந்தாவே கேட்கும்படி கத்திச் சொன்னேன். அப்படியெல்லாம் யாரும் சொல்லக் கூடாது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதை மாற்றினேன். “போட்டுட்டனுங்க, இப்பத் தேயுங்க” என்றாள். தேய்த்தேன். இந்தத் தடவை மிஷின் கத்தவில்லை, சீட்டைத் துப்பியது. ஜன்னலில் இருந்த பெண் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, “போலே சானா, பாபா” என்றாள். உங்கள் கஷ்டத்துக்கு வருத்தப்படுகிறேன் என்று அதற்கு அர்த்தம். என்னைப் பார்த்து யாரும் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை அது.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். வந்தவுடனே உள்ளே எடுத்திருந்தால் ஒன்று தங்கியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பதைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் தூங்கியிருக்கிறேன்.

மாதேஷுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். வாழப்பாடியில் அவன் குடியிருக்கும் வீட்டுக்குத் தளம் நான் போட்டுக் கொடுத்ததுதான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. இப்போது அவன் மார்க்கெட்டில் ஒரு மண்டியில் எடை பார்க்கிறான். லிவரைப் பிடிக்க அந்தக் கை இனிமேல் ஆகாது.

ஊருக்குத் திரும்பியதும் சங்கத்தில் சூழ்ந்துகொண்டார்கள். “என்னங்க ஆச்சு, கார்டு ஓடலையாமா?” என்று. தொடை தட்டியவரும் நின்றார். நான் சொன்னேன்: “ஆபீஸ்ல இருக்கற புள்ளை சுவிட்ச் போட மறந்துட்டா.”

வாயில் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன்.

இரண்டு நாளில் அது கோகிலா காதுக்குப் போயிற்று. என் அறைக்கு வந்து நின்றாள். “ஐயா, நான் போட்டுத் தாரேன்னு கேட்டனுங்களே.”

“விடு புள்ளை. நாலு பேருகிட்டச் சொல்றதுக்கு ஒரு பேச்சு. உன்னைய வேலைய விட்டா நிறுத்திட்டேன்?”

“நீங்க நிறுத்தலீங்க” என்றாள். மாசக் கடைசியில் அவளாகவே நின்றுவிட்டாள். வேறு இரண்டு ரிக் ஆபீஸில் வேலை கேட்டுப் போனாளாம். “ஓ, அந்தக் கார்டு புள்ளையா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். இதை எனக்குச் சொன்ன ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் திருத்தவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன மாதம் சங்க மண்டபத்தில், வெளிநாடு போகிறவர்களுக்கு வகுப்பு நடந்தது. உங்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். எனக்குச் சால்வை போர்த்தி முன்னால் உட்கார வைத்தார்கள். பாடம் எடுத்தவர் என் கதையையே சொன்னார், என் பேரைச் சொல்லாமல். ஆபீஸ் பெண் ஒருத்தியின் மறதியால் ஒரு டிரில்லருக்கு விரல் போயிற்று, அதனால் ஆபீஸ் ஆட்களை நம்பி எதையும் விடாதீர்கள் என்றார். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். அது என் வண்டியில் நடந்தது என்று தெரிந்த நாலைந்து பேர் என்னைப் பாவமாகத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சால்வையோடு உட்கார்ந்துகொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஈனமான காரியம் எது என்றால், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்கூட இல்லை, அந்தத் தலையாட்டல்தான்.

மறுநாள் பஸ் ஏறிப் பரமத்தி வேலூர் போனேன். கோகிலா கொடிக்காலில் வெற்றிலை கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து, “வாங்க ஐயா” என்றாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் செய்தது தப்பு என்று அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலைக் கட்டை முடிந்து, வாழைநாரைக் கடித்து அறுத்தாள்.

“இதை என்றகிட்டச் சொல்லி என்னங்க ஐயா ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமுங்களே. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க.”

கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். கார்டு விஷயம் எளிது. பேங்குக்கு ஒரு நம்பர், வண்டி நெற்றிக்கு வேறு நம்பர் வைத்துக்கொள்ளுங்கள், பேங்கு நம்பர் உங்களோடு வரட்டும். பிளேன் ஏறுமுன் வெளிநாட்டுச் சுவிட்சைப் போட்டு, பக்கத்தில் ஒரு ஆளிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறங்கின இடத்திலேயே ஒரு டீ வாங்கிப் பாருங்கள், ஓடாவிட்டால் டீ ஆறுவதற்குள் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். வேறு பேங்கு கார்டு ஒன்றும், கையில் நோட்டும் இல்லாமல் வண்டியோடு போகாதீர்கள். இதெல்லாம் கோகிலா எனக்குச் சொன்னதுதான், பாதிக்கு மேல் என் சொந்தச் சரக்கு இல்லை.

கடினமானது மற்றது. நெருக்கடியில் உங்களை ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்கிறவர் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவராக இருந்தால், இன்னும் சீக்கிரம் சொல்லுங்கள்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். கோரிக்கை என்ன, உரிமையாகவே கேட்கிறேன். அடுத்த வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது ‘ஒரு முதலாளி’ என்று சொல்லாதீர்கள். என் பேரை, அப்பா பேரோடு, பட்டறை பேரோடு முழுசாகச் சொல்லுங்கள். சுவிட்சைப் போடாதவன் நான். போட்டேன் என்று சொன்னவன் நான். பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தவள் கோகிலா. நடுவில் போன மூன்று மணி நேரமும் முழுக்க என்னுடையது, அதில் அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிஷம்கூடப் பங்கு கிடையாது. நான் செய்த எதையும் இதுவரை இன்னொருத்தர் பேரில் எழுத விட்டதில்லை. இதையும் விட மாட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டவர்கள் நோட்டை எடுங்கள், அடித்துவிட்டு என் பேரை எழுதுங்கள்.